ஐப்பசி மழையும் இரண்டு ஏக்கர்ப் பண்ணையும்: எதை முதலில் கவனிப்பது?

ஒரத்தநாடு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டு ஏக்கரில் சம்பா நடவு செய்திருக்கிறோம். வீட்டைச் சுற்றி முப்பது தென்னை, இரண்டு கறவை மாடுகள், எட்டு ஆடுகள், கொஞ்சம் நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. இதுவரை அப்பா பார்த்துக்கொண்டார். இந்த ஆண்டு முதல் நானும் என் மனைவியும்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் பண்ணையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தை வரையிலான இந்த மாதங்களில் எந்த வேலையை முன்னால் வைப்பது, எதைத் தள்ளிப்போடலாம்?"

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. ஆடி முதல் புரட்டாசி வரை, மேட்டூர் தண்ணீர் எப்போது வந்து சேரும், நம் மடைக்கு எப்போது முறை வரும் என்று காத்திருந்த குடும்பம், ஐப்பசியில் அதே தண்ணீரை எந்த வழியாக வெளியேற்றுவது என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது. எனவே உங்கள் கேள்விக்கு என் பதில், வடிகாலை முதலிலும், தொழுவத்தின் தரையை இரண்டாவதாகவும், வைக்கோலை மூன்றாவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. மற்ற வேலைகள் ஒரு வாரம் பிந்தினாலும் ஈடுகட்டிவிடலாம். இந்த மூன்றும் பிந்தினால் ஈடுகட்ட முடியாது.

வடிகாலைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம், பருவத்தின் முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுகணம். மண்வெட்டியோடு வயலைச் சுற்றி வாருங்கள். எந்த மூலையில் நீர் தேங்கி நிற்கிறது, வரப்பில் நீர் போக விட்ட எந்த வாமடை வழியாக அது இறங்குகிறது, வடிவாய்க்காலில் ஓட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நம் பகுதியில் வடிவாய்க்கால்களை அடைப்பவை பெரும்பாலும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான். உங்கள் வயலை ஒட்டிய பகுதியை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. கீழே உள்ள வயல்காரரின் பகுதி அடைத்திருந்தால் நீர் எதிர்த்து உங்கள் வயலுக்கே திரும்பும். ஆகவே அடுத்த பெருமழைக்கு முன்பே பக்கத்து வயல்காரர்களிடம் பேசி, எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் வெட்டிவிடுவது நல்லது. அப்பாவுக்கு அவர்களோடு இருக்கும் பழக்கம் இதற்கு மிகவும் உதவும். அவரையே முன்னால் நிற்கச் சொல்லுங்கள்.

வரப்பையும் அதே நடையில் பார்த்துவிடுங்கள். நண்டு வளையும் எலி வளையும் தொடக்கத்தில் விரல் நுழையும் அளவுதான் இருக்கும். மழைநீர் அதன் வழியே கசியத் தொடங்கினால், வளையின் வாயில் மண் கரைந்து கலங்கலாக வெளியே வரும். அந்தக் கலங்கலைக் கண்டவுடன் களிமண்ணை மிதித்து அடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் வரப்பு உடைந்து, இட்ட உரத்தோடு நீர் போய்விடும், அல்லது மேல்வயல் வெள்ளம் உள்ளே இறங்கும். வரப்பு தடிமனாக இருந்தால் எலிக்கு வசதி. அதனால் உள்வரப்புகளைச் சிறிதாகச் செதுக்கி வையுங்கள். நம் ஊர் மூங்கில் கிட்டி இன்றும் நல்ல எலிப்பொறிதான். பயிர் தண்டு உருண்டு கதிர் கட்டுவதற்கு முன்பே அதை வைக்கத் தொடங்குவது முக்கியம்.

பயிரைப் பொறுத்தவரை, நீங்கள் நட்ட ரகம் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு துளிர்க்கும். மற்ற ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் நுனிவரை மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் அழுகிவிடும். மேகம் கறுத்திருக்கும் நாளில் யூரியாவைத் தூவாதீர்கள். மழை நின்று, நீரை வடித்து, மண் மறையும் அளவுக்கு மட்டும் நீர் வைத்துக்கொண்டு இடுங்கள். மூழ்கிய வயலில் நீர் வடிந்தவுடன், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது வேளாண் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. இலை வெளுத்திருந்தால் 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். பச்சையாக இருக்கட்டும் என்று அளவுக்கு மேல் யூரியா போடுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கார்த்திகையில் இரவு குளிர்ந்து, பகலெல்லாம் மூடாப்பாக இருக்கும் நாள்களில் குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் முதலில் தேடிவருவது அத்தகைய கரும்பச்சை வயலைத்தான். இலையில் கண் வடிவப் புள்ளி, ஓரம் பழுப்பாகவும் நடு சாம்பல் நிறமாகவும், தெரிந்தால் அன்றே வேளாண் உதவி அலுவலரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்தது தொழுவம். மழைக்காலத்தில் கறவை மாட்டுக்கு வரும் துன்பங்களில் பெரும்பகுதி தரையின் ஈரத்திலிருந்து வருகிறது. சாணியும் மூத்திரமும் மழைச்சாரலும் கலந்த சேற்றில் படுக்கும் மாட்டின் காம்புத் துளை வழியே கிருமி நுழைந்து மடிநோய் வருகிறது. குளம்பிடுக்கு ஊறிப் புண்ணாகிறது. கட்டுத்தறியை மேடாக்கி, பின்பக்கம் சரிவு கொடுத்து, மூத்திரம் ஓட ஒரு சிறு வாய்க்கால் விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கறந்து முடித்ததும் சிறிது நேரம் மாட்டைப் படுக்க விடாமல் கவணையில் தீனி போட்டு நிறுத்துங்கள், அந்த நேரத்தில் காம்புத் துளை மூடிக்கொள்ளும். கொசுவும் கடிக்கும் ஈயும் பெருகுவதால் மூன்று நாள் காய்ச்சல் வரக்கூடும். மாலையில் நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இடி மின்னல் நாள்களில் மாட்டைத் தனி மரத்தடியிலோ கம்பிவேலியிலோ மின்கம்பத்தின் இழுவைக் கம்பியிலோ கட்டக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள்.

ஆடு ஈரத்தைச் சற்றும் தாங்காது. காலையில் புல்லின் நீர் உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்; முதல் மழைக்குப் பின் தளதளவென்று முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி நோய் தாக்கி, முதல் நாள் துள்ளித் திரிந்த குட்டி மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். கொட்டகையிலேயே கொஞ்சம் காய்ந்த தீனியும் அகத்தி, பூவரசு போன்ற தழையும் கொடுத்துவிட்டு அனுப்புவது பாதுகாப்பு. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். குடற்புழு நீக்க மருந்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம். கோழிக்கூண்டின் தரை உமியை ஈரம் தட்டியதும் மாற்றுங்கள். ஈர உமியே குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சலைக் கொண்டுவருகிறது.

வைக்கோல் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. குறுவை அறுவடை பெரும்பாலும் மழை தொடங்கும் வேளையில் முடிவதால், அந்த வைக்கோல் சரியாகக் காயாமலே போரில் ஏறிவிடுகிறது. நீங்கள் குறுவை வைக்கோல் வாங்கியிருந்தால், போரின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவும் புளித்த வாடையோடும் இருந்தால் போரைப் பிரித்து, வெயில் கிடைக்கும் நாளில் உலர்த்துங்கள். கறுத்துப் பூஞ்சணம் பூத்த பகுதியை மாட்டுக்குப் போடவே கூடாது, சினைமாட்டுக்கு அது இன்னும் கேடு, எருக்குழியில் தள்ளிவிடுங்கள். புதுப்போரை மேட்டில், கல் பரப்பி அதன்மேல் தென்னைமட்டை அடுக்கி எழுப்பினால் அடிப்பகுதி அழுகாது.

தென்னையைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைக் கண்ட வட்டாரத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரே இரவில் சாய்ந்த மரங்களுக்கு ஈடாக நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வரக் குடும்பங்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தன என்பதை உங்கள் ஊரே அறியும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய குலைகளையும் தொங்கும் அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும். நடுக்குருத்து வெளுத்துத் தளர்ந்து, இழுத்தால் கையோடு வந்தால், அது குருத்தழுகல். அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவ வேண்டும். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வளருமிடம் உங்கள் எருக்குழிதான் என்பதால், குழியைக் கிளறும்போது கிடைக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத எழுத்துவேலை ஒன்று உண்டு. சம்பாவுக்கான பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாளாக இருந்துவருகிறது. இந்த ஆண்டுத் தேதியை வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இப்போதே எடுத்துவையுங்கள். நிலம் அப்பா பெயரில் இருந்தால் பதிவும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். கொட்டகைக்குக் கூரை மாற்றுவது, புதிய ஆடு வாங்குவது, தென்னைக்கு இரண்டாம் தவணை உரம் வைப்பது ஆகியவற்றை மழை ஓய்ந்து மார்கழி பிறந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

மார்கழியில் உளுந்து விதையையும் தேடிவையுங்கள். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, வயல் மண் மெழுகுபோல் ஈரமாக இருக்கும் மெழுகுப் பதத்திலேயே, நிற்கும் பயிருக்குள் ஏக்கருக்கு 12 கிலோ அளவில் ஏடிடி 3 என்ற உளுந்து ரக விதையைத் தூவினால், எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். மழைக்காலத்தில் நீர் தேங்கி நின்ற மூலைகளில் முளைப்பு குறையும் என்பதால் அங்கே மட்டும் விதையைக் கொஞ்சம் கூட்டித் தூவுங்கள்.