தோள் நோவுக்கு மூன்று ஆப் வேண்டாம், ஒன்று போதும்

தங்கச்சி, ஏழு மாதமாகக் கழுத்திலும் தோளிலும் நோவு, ஃபோனில் மூன்று ஆப் இறக்கியதில் ஒன்று ‘ஃபைப்ரோமயால்ஜியா’ (உடம்பெங்கும் நாட்பட்ட நோவு தரும் நோய்) என்று காட்டுகிறது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்ப வேண்டாம். அமெரிக்க வாதநோய் நிபுணர்கள் 2010இல் வகுத்த அளவுகோலே உடம்பில் 19 இடங்களில் நோவு இருக்கிறதா என்று பார்த்து, களைப்பு, தூக்கம், ஞாபகம் எல்லாம் விசாரித்து, வேறு நோய் காரணமில்லை என்று உறுதிப்படுத்தவும் சொல்கிறது. தைரொய்ட் சுரப்பு குறைந்தாலும் இப்படி உளையும், அதற்கு இரத்தப் பரிசோதனைதான் வழி.

ஆனால் ஆப் வீணில்லை. நான் ஆறு வாரம் இரவில் மட்டும் ஒரே ஆப்பில் நோவுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு, அன்று என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதினேன். செவ்வாயும் வியாழனும் 7, மற்ற நாளில் 3, 4. பார்த்தால் அந்த இரண்டு நாளும்தான் லேப்டொப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, 100ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பு கோட்டையிலிருந்து தெஹிவளை வரை மேல்கம்பியைப் பிடித்தபடி நின்று வந்திருக்கிறேன்! மணிக்கொருமுறை பதிய வேண்டாம், நோவையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நோவோடு சேர்த்து, தலை பின்ன முடிந்ததா, மேல்தட்டில் கை எட்டியதா என்பதையும் எழுதுங்கள்.

கிளினிக்கில் வைத்தியருக்கு ஆப்பில் அந்த எண்களின் வரைபடத்தைக் காட்டுங்கள், வாய்மொழியை விட விரைவாகப் புரியும். கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலோடு நோவு வந்தாலோ ஆப்பைப் பார்க்காமல் அன்றே போங்கள்.