சன்னலுக்கு வெளியே இருவர்

எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் வெளியாளாகவே உணர்வதாகச் சொல்லி, பிறருக்காக உங்களை மாற்றிக்கொள்ளாமல் வாழ, குறிபார்க்கப் பயன்படும் படச்சீட்டுகளான டாரட் அட்டைகள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால், பல ஆண்டுகளாக நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை என் கண்முன் வைத்தது ஒரு டாரட் அட்டைதான்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியை முடித்தபோது மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாததால் இடைநிலைப்பள்ளிக்கு முந்தைய புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தேன். அதன் பிறகு இடைநிலைப்பள்ளி முழுவதும் என்னைவிட ஒரு வயது இளையவர்களோடு படித்தேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, இனித் தமிழர்கள் நடுவிலாவது இயல்பாக இருக்கலாம் என்று எண்ணினேன். சென்னையிலிருந்து வந்திருந்த பொறியாளர்களிடம் முதல் வாரத்திலேயே, எங்கள் வீட்டில் கேட்பதுபோல, “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். அந்தச் சொல் அவர்களுக்குப் புதிது, சிரித்துவிட்டார்கள். அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் மறுநாள் முதல் நான் “டிபன் சாப்பிட்டீங்களா?” என்று கேட்கத் தொடங்கினேன். ஜார்ஜ்டவுனில் சித்தி வீட்டுக்குப் போனால் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசத் திணறினேன். தோட்டத்துக்குத் திரும்பினால் ‘டவுன்காரி’ என்றார்கள்.

அந்த நாட்களில், என் சீனத் தோழி ஒருத்தி கோப்பிக்கடை மேசையில் தன் அட்டைக்கட்டை வைத்து ஒன்றை எடுக்கச் சொன்னாள். எனக்கு வந்தது ‘ஐந்து நாணயங்கள்’ என்ற அட்டை. கிழிந்த ஆடையோடு இருவர் பனியில் நடந்து போகிறார்கள். ஒருவர் ஊன்றுகோல்களைப் பிடித்திருக்கிறார், கழுத்தில் மணி தொங்குகிறது. அவர்களுக்குப் பின்னால், வண்ணக் கண்ணாடி பதித்த சன்னலில் வெளிச்சம் தெரிகிறது. என்ன தெரிகிறது என்று தோழி கேட்டபோது, “உள்ளே விளக்கு எரிகிறது, எனக்குக் கதவைத் திறக்கவில்லை” என்றேன். “கதவு எங்கே?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், அந்தப் படத்தில் கதவே வரையப்படவில்லை. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று: வெளியே இருப்பவர்கள் இருவர் என்பதைப் பார்த்துக்கொண்டே நான் ஒருவரைப் பற்றி மட்டும் பேசியிருந்தேன்.

என் மேசைக்கு அடுத்த மேசையில் கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அலுவலகத்தில் எல்லோரையும் போலப் பேசுவாள்; படிக்கட்டில் நின்று தன் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதுதான் கிளந்தான் வழக்கு வெளிவரும், யாராவது வந்தால் உடனே குரல் மாறிவிடும். ஓராண்டாக அதைக் கேட்டிருந்தும், அவளும் என்னைப் போலத்தான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. பசியாறுதல் என்ற சொல்லை அவளுக்குச் சொன்னேன். சாப்பிடுவதைக் குறிக்கும் ‘மாக்கான்’ என்ற மலாய்ச் சொல்லைத் தன் ஊரில் ‘மாக்கே’ என்பார்கள் என்று அவள் சொன்னாள். எங்கள் நட்பு அங்கே தொடங்கியது.

அந்தப் படத்தை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தைப் பற்றி அதன் பிறகு படித்தேன். 1878இல் லண்டனில் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியை ஜமைக்காவில் கழித்து, நியூயார்க்கில் ஓவியம் பயின்றவர் அவர். 1909இல் லண்டனில் வெளியான அந்த அட்டைக்கட்டின் 78 ஓவியங்களும் அவருடையவை. ஆனால் அட்டைக்கட்டு நெடுங்காலம் பதிப்பாளரின் பெயராலும் அதை வடிவமைக்கச் செய்த ஆர்தர் வெயிட்டின் பெயராலும் மட்டுமே அழைக்கப்பட்டது. 1951இல் பமேலா வறுமையில் இறந்தார். படங்களின் மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பின்னிய சிறிய முத்திரை இருக்கிறது. அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நான் அட்டை எடுத்துப் பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கிளி ஜோசியம் பார்த்துப் பழகியவர் அவர். சீட்டைக் கிளி எடுக்க, பலனை ஜோசியர் சொல்ல வேண்டும், நீயே எடுத்து நீயே சொல்லிக்கொள்வது என்ன ஜோசியம் என்று கேட்டார். எனக்கு அதுதான் தேவைப்பட்டது என்பதை அவருக்கு இன்னும் சரியாக விளக்க முடியவில்லை.

உண்மையாக இருப்பது என்றால் எங்கும் ஒரே மாதிரிப் பேசுவது என்று நீங்கள் கருதினால், அதில் நான் உடன்படமாட்டேன். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ உணவுக்கடையில் மலாயும் வங்கியில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசுவது இந்த ஊரில் பிழைப்பு மட்டுமல்ல, மரியாதையும்கூட. எதிரில் இருப்பவருக்குப் புரியட்டும் என்று சொல்லை மாற்றும்போது எனக்கு எதுவும் குறைவதில்லை. அவர் என்னைத் தாழ்வாக நினைப்பாரோ என்று அஞ்சி மாற்றும்போது அன்றிரவே மனம் கனக்கிறது. டிபன் என்று நான் சொன்னது இரண்டாவது வகை.

நீங்கள் அட்டைக்கட்டு வாங்குவதாக இருந்தால், கவிழ்த்துப் போட்டு எடுக்காமல், எல்லா அட்டைகளையும் முகம் தெரியப் பரப்பி, வெளியாளாக உணர்ந்த ஒரு நாளைப் போல இருப்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். படத்தில் உங்கள் கண் முதலில் போன இடத்தையும் நீங்கள் பார்க்காமல் விட்ட இடத்தையும் தேதியிட்டு எழுதிவையுங்கள். கட்டணம் கொடுத்து யாரிடமாவது பார்க்கப் போனால், தோஷம் இருக்கிறது, கழிக்கப் பணம் ஆகும் என்று அவர் பேச்சைத் தொடங்கியவுடனே எழுந்து வந்துவிடுங்கள்.