தென்னை அடித்தண்டில் குண்டூசி ஓட்டை: மருந்து வண்டுக்கா, வேருக்கா?

கேள்வி: வணக்கமுங்க. ஆனைமலைக்குப் பக்கத்துல நமக்கு அஞ்சு ஏக்கர் தென்னந்தோப்பு. மரத்துக்கு 25 வயசுக்கு மேல இருக்குமுங்க, ஊடுபயிரா கொக்கோ போட்டிருக்கறோம். போன கோடையில இருந்து 12 மரத்துல, நிலத்துல இருந்து நெஞ்சு உயரம் வரைக்கும், குண்டூசியில குத்துன மாதிரி ஓட்டை. அடியில மாவாட்டம் தூள் கொட்டிக் கிடக்குது. மூணு மரம் கொண்டையே போயிருச்சுங்க. நாலு மரத்துல அடிமட்டை தொங்குது, தண்டுல செம்பழுப்பாச் சாறு வடியுது. மீதி அஞ்சுல ஓட்டை மட்டுந்தான். மருந்துக்கடையில, தண்டைத் துளை போட்டு மருந்தை ஊத்தி, மேல தார் பூசச் சொல்றாங்க. வெளிநாட்டுல பட்டை வண்டு வந்து காடு காடா அழிஞ்சு போச்சுன்னு ஒரு வீடியோ பார்த்தேனுங்க. அதே வண்டா இது? கொக்கோவுக்கும் வேலியோர மலைவேம்புக்கும் தாவிருமா? ஏற்கெனவே வெட்டுன ரெண்டு மரத்தைச் சாளைக்குப் பின்னால வெறகுக்கு அடுக்கி வெச்சிருக்கறோம்.

பதில்: முதலில் ஒன்று. தண்டில் துளை போடாதீர்கள். மாமரத்திலோ வேம்பிலோ வெட்டுக்காயம் பட்டால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்திசு புதுச்சதை போட்டு மூடிவிடும். தென்னைக்கு அந்தத் திசுவே கிடையாது. தண்டில் இன்று போடும் துளை மரம் சாகும்வரை துளையாகவே இருக்கும். தண்ணீரும் பூசணமும் இறங்க நாமே வாசல் திறந்து விடுவதாகிவிடும். மரமேற வெட்டும் படிகூட இந்தக் காரணத்தால்தான் ஆகாது. உள்ளே ஊற்றும் மருந்தும் நூற்றுக்கணக்கான நூல் சுரங்கங்களில் எதற்குள்ளும் ஒழுங்காகப் போய்ச் சேராது. தார் பூசினால் புதுத் தூள் கொட்டுகிறதா இல்லையா என்று பார்க்கும் வழியும் அடைந்துபோகும்.

உங்கள் மரத்தில் இருப்பது சைலிபோரஸ் இனத் துளை வண்டு. பட்டை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பிழைப்பு வேறு. பெண் வண்டு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், உருளை வடிவம். மரத்தைத் துளைக்குமே தவிரத் தின்னாது. உடலில் ஒரு பூசணத்தைச் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் அதை வளர்த்து, அதையே தானும் தின்று புழுக்களுக்கும் கொடுக்கிறது. வெளியே தள்ளும் மரத்தூளைத்தான் நீங்கள் மாவு என்கிறீர்கள். ஆண் வண்டுக்குப் பறக்க வராது. பெண் வண்டுகள் உள்ளேயே இணைசேர்ந்துவிட்டுத்தான் வெளியேறும், அதனால் தப்பிப் போகும் ஒரே ஒரு வண்டு போதும், வேறொரு மரத்தில் குடும்பம் தொடங்க. நம் ஊர் வெயிலுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இந்த வண்டு நல்ல மரத்தைத் தேடி வருவதில்லை. வேர் அழுகியோ, தண்ணீர் இல்லாமல் தவித்தோ நிற்கும் மரத்தின் திசுக்களில் சாராயம் ஊறும். அந்த வாடையைப் பிடித்துத்தான் வருகிறது. ஆகவே 12 மரத்தில் ஓட்டை என்றால், 12 மரத்துக்கும் வேரிலோ தண்டிலோ ஏற்கெனவே ஒரு கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் வண்டுக்கு மட்டும் மருந்தடித்தால் காசுதான் கரையும்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் பட்டை வண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, இலையில் செய்த உணவு கீழே இறங்கும் உள்பட்டையில், தாய் வண்டு சுரங்கம் போட்டு இருபுறமும் முட்டை வைக்கும். புழுக்கள் பக்கவாட்டில் அரித்துக்கொண்டே போய் மரத்தைச் சுற்றிவிட்டால் வேருக்கு உணவு நின்றுவிடும். தெம்பான மரம் பிசினைப் பீய்ச்சி வண்டை வெளியே தள்ளிவிடும், வறட்சியில் வாடிய மரத்துக்குப் பிசின் ஊறாது. 2018இல் தொடங்கிய வறட்சியோடு புயலும் வண்டும் சேர்ந்துகொள்ள, 2021 வசந்தத்துக்குள் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டில் மரங்கள் போயின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் கிளம்பிய மலைப் பைன் வண்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேரில் பரவியது. மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர்தான் அதன் புழுக்களைக் கொன்று வந்தது, அந்தக் குளிர் வராத வருடங்கள் அதற்கு வசதியாகிவிட்டன. அந்த வண்டுகள் இங்கே வரவில்லை, தென்னையில் அவற்றுக்கு வேலையும் இல்லை. ஆனால் மரம் தவிக்கும்போது வண்டு பெருகும் என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இனி உங்கள் தோப்பில் கோளாறு எது என்று பார்ப்போம். செம்பழுப்புச் சாறு, தொங்கும் அடிமட்டை, கொண்டை போன மரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கேனோடெர்மா பூசணத்தால் வரும் அடித்தண்டழுகல் நோய் என்றே படுகிறது. தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்வதும் இதைத்தான். மண் வழியாக வேருக்கு வந்து, வேர் அழுகிய பிறகுதான் மேலே அடையாளம் காட்டும். உறுதி செய்ய, சாறு வடியும் மரத்திலிருந்து மூன்றடி தள்ளி ஓரடி ஆழம் தோண்டி ஐந்தாறு வேரை நறுக்கிப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக, உள்ளே வெளுப்பாக இருக்கும். நோய் வேர் நிறம் மாறி, நசுக்கினால் நைந்து, நாற்றம் அடிக்கும். மழைக்காலத்தில் தூரை ஒட்டி, மேலே பழுப்பாகவும் அடியில் வெளுப்பாகவும் கெட்டியான தட்டுக்காளான் முளைத்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

குழப்பக்கூடியவை மூன்று உண்டு. சாறு தூரில் இல்லாமல் தண்டு வெடிப்பில் திட்டுத்திட்டாக வடிந்து கறுத்து, வேர் நன்றாக இருந்தால் அது சாறு வடிதல் நோய். அதற்குக் கெட்ட பகுதியைச் செதுக்கிவிட்டு, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தின் தூள் 50 கிராமை 25 மில்லி தண்ணீரில் குழைத்து அப்ப வேண்டும். அந்த மரத்துக்கும் இதே துளை வண்டு வரும். விரல் நுழையும் ஓட்டை, அதில் மென்ற நார் வெளியே தள்ளியிருப்பது, தண்டில் காதை வைத்தால் கறுமுறு சத்தம் என்றால் சிவப்புக் கூன் வண்டு. ஓட்டையே இல்லாமல், ஓலையின் ஈர்க்குகள் விலா எலும்பு மாதிரி உள்வளைந்து துவண்டிருந்தால் கேரள வேர் வாடல் நோய். உங்கள் பக்கத்தில் அதுவும் இருக்கிறது, இரண்டும் ஒரே தோப்பில் வரலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் வேர்த்துண்டையும் அடித்தண்டுச் சீவலையும் தாளில் சுற்றி ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்.

கொண்டை போன மூன்று மரமும் இனித் தேறாது. வெட்டினால் மட்டும் போதாது, தூரோடும் வேரோடும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்து, தூரையும் வேரையும் அந்தக் குழி ஓரத்திலேயே எரித்துவிடுங்கள். அழுகிய தூரைத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் பூசணத்தை விதைத்தது போலாகும். ஏற்கெனவே வெட்டிய இரண்டு மரத்தின் தூர் மண்ணுக்குள் இருந்தால் அதையும் எடுங்கள்.

சாறு வடியும் நாலு மரத்தைச் சுற்றி, தூரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஓரடி அகலத்தில் இரண்டு முதல் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். பக்கத்து மரத்து வேரோடு நோய் வேர் உரசாமல் இருக்கத்தான் இது. பிறகு மரத்துக்கு 40 லிட்டர் வீதம் ஒரு சதவீத போர்டோ கலவை. மயில்துத்தம் 400 கிராமை 20 லிட்டர் தண்ணீரிலும், நல்ல சுட்ட சுண்ணாம்பு 400 கிராமை இன்னொரு 20 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் டிரம்மோ மண்பானையோ போதும், இரும்பு ஆகாது. தீட்டிய அரிவாள் நுனியை ஒரு நிமிடம் கலவைக்குள் விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது, துத்தம் மிஞ்சினால் வேர் வெந்துபோகும். கலந்த அன்றே தூரைச் சுற்றி வட்டப்பாத்தி முழுக்க நனையும்படி ஊற்றிவிட வேண்டும்.

இதோடு வேர் வழி மருந்து. ஹெக்சகோனசோல் என்ற பூசணக்கொல்லி 2 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து சிறு பாலித்தீன் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாக நறுக்கி, பையின் அடியைத் தொடும்படி விட்டுக் கட்டுங்கள். ஒரு நாளில் உறிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வேரில் கட்டுங்கள். மூன்று நாலு வேர் மாற்றியும் உறிஞ்சவில்லையென்றால் அந்த மரத்தில் வேலை செய்யும் வேர் மீதமில்லை, அதையும் எடுக்கும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். முற்றிய காயையும் இளநீரையும் முன்னதாக இறக்கிவிட்டு மருந்து கட்டுங்கள், அடுத்த 45 நாள் அந்த மரத்தில் கை வைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஒரு வருடம் செய்து பாருங்கள்.

ஓட்டை மட்டும் இருக்கும் அஞ்சு மரத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை. அவற்றுக்கும் நோய் மரங்களை அடுத்து நிற்கும் மரங்களுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா 200 கிராம், மக்கிய தொழுவுரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ கலந்து வட்டப்பாத்தியில் இட்டுக் கொத்தி விடுங்கள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். போர்டோ ஊற்றிய இடத்தில் ஒரு மாதமாவது கழித்துத்தான் இதை இட வேண்டும், துத்தம் நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும். ஓட்டை உள்ள பகுதியில் மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் என்ற அளவில் பசையாகக் கலந்து பூசலாம். வண்டு சாகாது, வேறு பூசணம் இறங்குவது குறையும். பூசுவதற்கு முன் தண்டில் ஓரடிக்கு ஓரடி கட்டம் போட்டு ஓட்டையை எண்ணி எழுதி வையுங்கள். சாயங்காலம் தூளைத் துடைத்துவிட்டுக் கீழே பழைய வேட்டித்துணி விரித்தால், காலையில் புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று தெரியும். மாதம் ஒரு முறை இப்படிப் பார்த்தாலே மரம் தேறுகிறதா தேய்கிறதா என்று புரிந்துவிடும்.

தண்ணீரில் இரண்டு விஷயம். நோய் மரத்துப் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் பாயவே கூடாது, பூசணம் அதிலேயே பயணம் போகும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் முறை வரும்போது மடை திறந்து தோப்பு முழுக்க விடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். சொட்டுநீரில் பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் கிடைக்கட்டும், வட்டப்பாத்தியில் மட்டை மூடாக்கு போடுங்கள். உரத்தில் பொட்டாஷைக் குறைக்காதீர்கள். வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி. போரேட் குருணை போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2020 டிசம்பரோடு அது நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து.

சாளைக்குப் பின்னால் இருக்கும் விறகு அடுக்கைத்தான் இந்த வாரமே கவனிக்க வேண்டும். வண்டு வளர்க்கும் பூசணத்துக்கு ஈரம் வேண்டும், முழுக்கட்டையாக நிழலில் அடுக்கிய மரம் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதுதான் உங்கள் தோப்பின் வண்டுப் பண்ணை. ஐரோப்பியக் காடுகளிலும் வண்டு விழுந்த மரத்தைப் புது வண்டு வெளியேறுவதற்குள் காட்டைவிட்டு ஏற்றிவிடுவார்கள், அல்லது பட்டையை உரித்துவிடுவார்கள். நமக்கு இரண்டு வழி. வெட்டி இரண்டு வாரத்துக்குள் செங்கல் சூளைக்கு ஏற்றிவிடுவது ஒன்று. விறகுக்கு வேண்டும் என்றால் இரண்டடித் துண்டாக்கி, நாலாகப் பிளந்து, வெயிலில் இடைவெளி விட்டு நிறுத்திக் காயவைப்பது இன்னொன்று. தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் அடைபட்டு வண்டுக்குத்தான் சௌகரியம். மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டும் முட்டை வைக்கும், புதிதாக வெட்டிய தூரின் வாடைக்குக் கூன் வண்டும் வரும் என்பதால் இந்த ஒரு வேலையில் மூன்று வண்டுக்கும் இடம் இல்லாமல் போகும்.

மலைவேம்பு தண்ணீரோடு தெம்பாக நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. காய்ந்த கிளையும் அடிபட்ட தண்டும் இருந்தால் அறுத்து அப்புறப்படுத்துங்கள். கொக்கோவில் இளங்கன்றையும் சிம்பையும் துளைக்கும் வண்டு வேறு இனம், காப்பித் தோட்டங்களில் ரொபஸ்டா சிம்பைக் காயவைப்பதும் அதுதான். வால்பாறைத் தேயிலையில் கிளை ஒடிய வைப்பதும் இதே குடும்பம். கொக்கோச் சிம்பு நுனியிலிருந்து காய்ந்து வந்து, அடிப்பக்கம் குண்டூசி ஓட்டை தெரிந்தால், ஓட்டைக்கு மூன்று அங்குலம் கீழே வெட்டி அன்றே எரியுங்கள். தரையில் போட்டுவிட்டு வந்தால் வண்டு எழுந்து அடுத்த சிம்புக்குப் போய்விடும்.

எடுத்த மரத்தின் இடத்தில் உடனே தென்னங்கன்று வேண்டாம். குழியை ஒரு கோடை முழுக்க வெயிலில் ஆறவிட்டு, பழைய வேரைப் பொறுக்கி எரித்துவிட்டு, மேலே சொன்ன டிரைக்கோடெர்மா கலவையை இட்டு, முதலில் வாழை வையுங்கள். தண்ணீர் வசதியுள்ள தோப்பில் வாழை ஊடுபயிர் இந்த நோயின் வேகத்தைக் குறைக்கிறது. வாழை ஒரு தார் வெட்டிய பிறகு, அந்தக் குழியைச் சுற்றி நிற்கும் தென்னை மரங்களின் வேரை மறுபடி நறுக்கிப் பார்த்து, வெளுப்பாக இருந்தால் கன்று நடலாம்.