ஜேம்ஸ் வைட்: விண்வெளியில் ஒரு மருத்துவமனை (கேள்வி பதில்)

கேள்வி: பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை என்றால் வெல்ஸ், கிளார்க் என்று நின்றுவிடுகிறோம். ஜேம்ஸ் வைட் யார், ஐயா?

பதில்: வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1928இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க விரும்பினார், வீட்டில் வசதியில்லை. 1943இல் துணிக்கடை, தையல் வேலைக்குப் போனார். பிறகு ஷார்ட் பிரதர்ஸ் விமான நிறுவனத்தில் சேர்ந்து 1984வரை அங்கே இருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டேதான் எழுதினார். ஜான் கார்னெல் நடத்திய 'நியூ வேர்ல்ட்ஸ்' இதழில் 1953இல் முதல் கதை வந்தது.

கேள்வி: மருத்துவராக முடியாத ஏக்கம் கதைகளில் தெரிகிறதா? (கேட்பவர் மருத்துவ மாணவி)

பதில்: அந்த ஏக்கம்தான் அவருடைய எழுத்து வாழ்க்கையே, அம்மா. 1957இல் தொடங்கிய 'செக்டர் ஜெனரல்' தொடர் கடைசிவரை அவரை விடவில்லை, பன்னிரண்டு நூல்கள். பால்வெளியின் விளிம்பில் 384 தளங்கள் கொண்ட மருத்துவமனை. நீரில் வாழ்பவர், குளோரின் சுவாசிப்பவர், கதிர்வீச்சை உண்பவர் என எல்லா உயிரினத்துக்கும் அங்கே வார்டு உண்டு. வரும் நோயாளி எந்த வகை என்பதை நான்கு எழுத்துக் குறியீடு சொல்லிவிடும், மனிதருக்கு 'டிபிடிஜி' (DBDG). வேற்றினத்தாருக்குச் சிகிச்சையளிக்க, அந்த இனத்து மருத்துவர் ஒருவரின் நினைவுகளை டேப்பிலிருந்து தன் மூளையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நினைவோடு அவருடைய சுவையும் வெறுப்பும் வந்துவிடும். தட்டில் இருக்கும் நம் சாப்பாடே குமட்டும். இன்னொருவரின் வலியைப் புரிந்துகொள்ள என்ன விலை தரவேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிலிக்லா என்ற பாத்திரத்தை அவசியம் சந்தியுங்கள். பூச்சி உருவம், உடையக்கூடிய உடல். சுற்றியிருப்பவர்களின் உணர்ச்சியெல்லாம் அதைத் தாக்கும். அதனாலேயே யாரையும் புண்படுத்தாமல் பேசும்.

கேள்வி: விண்வெளிக் கதையில் போர் இல்லாவிட்டால் விறுவிறுப்பு எப்படி?

பதில்: கண்டறியப்படாத நோயே விறுவிறுப்பு. வைட் வன்முறையை வெறுத்தவர். 'ஸ்டார் சர்ஜன்' (1963) நாவலில் போர் மருத்துவமனை வாசலுக்கே வருகிறது. மருத்துவர்கள் இரு தரப்புக் காயம்பட்டவர்களையும் ஒரே வார்டில் கிடத்துகிறார்கள். சண்டைக் கதைகளுக்கே மவுசு அதிகம் என்பதால் அவர் பெயர் பரவவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம்தான்.

கேள்வி: இந்தத் தொடருக்கு வெளியே?

பதில்: 'தி வாட்ச் பிலோ' (1966). இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பலுக்குள் காற்றோடு சிக்கிய சிலர் அங்கேயே தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

கேள்வி: எதில் தொடங்கலாம்? குறை எதுவும் உண்டா?

பதில்: 'ஹாஸ்பிட்டல் ஸ்டேஷன்' (1962), தனித்தனிக் கதைகள் என்பதால் எளிது. குறை உண்டு. தொடக்க நூல்களில் பெண்களுக்குச் செவிலியர் வேலைக்கு மேல் இடமில்லை. பின்னாளில் திருத்திக்கொண்டார்: செவிலியாக வரும் மர்ச்சிசன் என்ற பாத்திரம் நோய்க்குறியியல் மருத்துவராக உயர்கிறாள், 'கோட் ப்ளூ: எமர்ஜென்சி' (1987) நாவலின் நாயகியே வேற்றினப் பெண் மருத்துவர். ஆகவே முதல் நூலோடு நிறுத்திவிடாதீர்கள்.