கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே பெஞ்ச், இரண்டு ஷிஃப்ட்

கேள்வி: என் மகளுக்குச் சென்னையில் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.காம். கிடைத்தது. ஆனால் செகண்ட் ஷிஃப்ட். மதியம் அரைச் சோறு தின்றும் தின்னாமலும் ஓடுகிறாள், திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. எல்லாரையும் காலையிலேயே வரச்சொல்லி நடத்தினால் என்ன?
வாசகி, எண்ணூர்

பதில்: உட்கார இடமில்லை அம்மா, அவ்வளவுதான். காலை ஷிஃப்ட் பிள்ளைகள் எழுந்துபோன பெஞ்சில்தான் உங்கள் மகள் உட்காருகிறாள். ஒரே கட்டடத்தில் இரண்டு கல்லூரி நடத்துகிற இந்த வித்தையை 2006 வாக்கில் அரசு கல்லூரிகளில் ஆரம்பித்தார்கள். அப்புறமும் கூட்டம் குறைந்தபாடில்லை. கட்டணம் குறைவு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022லிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்துவிட்டது, பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அடிதடிதான். விண்ணப்பம் குவிந்ததும் அரசு 20 சதவீத இடங்களைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது, 2022லும் சொன்னது, 2025லும் சொன்னது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுதலாகப் படிப்பார்கள் இல்லையா. ஆனால் 60 பேர் 72 ஆகும்போது சுவர் நகர்ந்து இடம் விடாது. சீட்டுக்கு ஒரு அரசாணை போதும். அறைக்கு நிதி ஒதுக்கி, பொதுப்பணித்துறை மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, கட்டி முடிப்பதற்குள் அந்த வருஷம் சேர்ந்தவள் டிகிரியே வாங்கிவிடுவாள்.

இருட்டுவதைவிட எனக்கு உறுத்துவது வேறு. லேப்பில் ஒரு சோதனை சரியாக வரவில்லை, கொஞ்சம் நின்று திரும்பச் செய்யலாம் என்றால் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். நூலகம், கழிப்பறை எல்லாம் இரண்டு மடங்கு உழைக்கும். பாடம் நடத்துபவர்களிலும் நிறையப் பேர் நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளர்கள்.

பொறியியல் கலந்தாய்வு முடிந்ததும் சிலர் டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள், அப்போது காலை ஷிஃப்டில் இடம் காலியாகலாம். கல்லூரியில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கேள்வி: மாநிலக் கல்லூரியும் ராணி மேரியும் மெரினாவை ஒட்டி அவ்வளவு இடத்தை வைத்திருக்கின்றன. பத்து மாடி எழுப்ப வேண்டியதுதானே?
வாசகர், சூளைமேடு

பதில்: எழுப்பலாம், எதை இடித்து? மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கியது, குவிமாடம் வைத்த அந்தக் கட்டடம் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1870இல் திறந்தது. அதில் கை வைக்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ராணி மேரியில் 2003இல் தலைமைச் செயலகம் கட்ட வளாகத்தையே எடுக்கப் பார்த்தார்கள், மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடி அதை நிறுத்தினார்கள். அங்கேயே இருந்த கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டடம் பிற்பாடு இடிக்கப்பட்டுப் புதுக் கட்டடம் வந்தது. வகுப்பறை கிடைத்தது, கேப்பர் ஹவுஸ் போயிற்று. கடற்கரையில் கட்டுவதற்கென்று தனி விதிகள் வேறு இருக்கின்றன. என்னைக் கேட்டால், நகரத்துக்குள் மேலே மேலே அடுக்குவதைவிட, மேலே கேட்ட அம்மாவின் எண்ணூர் பக்கம் ஒரு கல்லூரி கட்டலாம். அந்தப் பெண் பஸ்ஸில் கழிக்கிற நேரமாவது மிஞ்சும்.

கேள்வி: செகண்ட் ஷிஃப்ட் டிகிரிக்கு மதிப்புக் குறைவு என்கிறார்களே?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: யார் சொன்னது? பாடத்திட்டம் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று, பட்டமும் ஒன்று. காலையில் படித்தீர்களா மதியம் படித்தீர்களா என்று சான்றிதழில் போடமாட்டார்கள். காலையில் கடையில் நின்றுவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிற பையன்கள் இந்த ஷிஃப்டைத்தான் கேட்டு வாங்குவார்கள்.