மேக் கோப்பில் மாறியின் மதிப்பு ஏன் காணாமல் போகிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “துறைமுகத்தில் நிறுவவுள்ள காற்றுவேகக் கருவியின் நிரலை, கோப்பில் எழுதிய விதிகளின்படி நிரல்களைத் தொகுக்கும் மேக் (make) என்ற கருவியைக் கொண்டு தொகுக்கிறேன். விதியின் முதல் வரியில் பதிப்பு எண்ணை ஒரு மாறியில் வைத்தால், அடுத்த வரியில் அது வெறுமையாக இருக்கிறது. துணை ஃபோல்டரில் இயங்கும் மேக்குக்கும் மேல் கோப்பின் மாறிகள் தெரிவதில்லை. ஏன்?”

ஓர் இலக்கை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் விதியின் கீழ் டேப் இட்டு எழுதும் வரிகளில் மேக் தன் மாறிகளை மட்டும் விரித்துவிட்டு, மீதியை, கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. அதுவும் வரிக்கு ஒரு புதிய ஷெல்லாக. முதல் வரி முடிந்ததும் அதன் ஷெல்லும் முடிந்துவிடுவதால், அதில் வைத்த மதிப்பு மட்டுமன்றி, சிடி (cd) கட்டளை கொடுத்து மாறிய ஃபோல்டரும் அதனுடனேயே போய்விடுகிறது. ஆகவே, ஒன்றையொன்று நம்பியிருக்கும் கட்டளைகளை இரட்டை ஆம்பர்சாண்டால் (&&) கோத்து, வரி முடிவில் பின்சாய்கோடு இட்டு, ஒரே ஷெல்லில் ஓடச் செய்யுங்கள். ஷெல் மாறியை அழைக்கும்போது டாலர் குறியை இரண்டு முறை இட வேண்டும்; ஒற்றை டாலரை மேக் தனக்கென எடுத்துக்கொண்டு, அடுத்துள்ள ஓர் எழுத்தை மட்டுமே மாறியின் பெயராகக் கொள்ளும். புதுச்சேரியில் என்னிடம் பயிலும் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

குனு மேக் 3.82 முதல், புள்ளியுடன் தொடங்கும் ‘ஒன்ஷெல்’ (.ONESHELL) என்ற இலக்கை எழுதினால் ஒவ்வொரு விதியும் முழுமையாக ஒரே ஷெல்லில் ஓடும். ஆனால் அது கோப்பிலுள்ள எல்லா விதிகளையும் பாதிக்கும். மேலும், இடையில் ஒரு கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளை வென்றால் மேக் அதை வெற்றியென்றே கொள்ளும். ஒரு கட்டளை தோற்றதும் நிறுத்தச் சொல்லும் ‘-ஈ’ (-e) தேர்வையும் ஷெல்லுக்குக் கொடுக்காமல் இதைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

துணை ஃபோல்டரில் ஓடுவது தனியான ஒரு மேக். மேல் கோப்பில் ‘எக்ஸ்போர்ட்’ என்று அறிவித்த மாறிகள் சூழல் மாறிகளாக அதற்குச் சென்று சேரும். எனினும், துணைக் கோப்பு அதே பெயருக்குத் தானே ஒரு மதிப்பை வைத்திருந்தால் அதுவே நிலைக்கும். கட்டளை வரியில் தந்த மதிப்போ இரண்டு கோப்புகளையும் மீறிச் செல்லும். ஐயம் எழும் இடத்தில் ‘ஆரிஜின்’ சார்பை அழைத்தால், மாறி கோப்பிலிருந்து வந்ததா, சூழலிலிருந்து வந்ததா, கட்டளை வரியிலிருந்து வந்ததா என்பதை மேக்கே சொல்லிவிடும்.