ஒரே வாங்குநரை நம்பிப் புதிய லைன் போடலாமா?

வணக்கம் ஐயா. திருப்பூரில் உள்ள உங்கள் பின்னலாடை நிறுவனத்துக்கு முக்கால்வாசி ஆர்டர் ஒரே அமெரிக்க வாங்குநரிடமிருந்து வருவதாகவும், ஐந்தாண்டுத் திட்டத்தில் இன்னொரு தையல் லைன் (தையல் இயந்திர வரிசை) சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, எத்தனை லைன் ஓடுகிறது என்பதைவிட ஆர்டர் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதே பெரிய கேள்வியாயிற்று.

1985இல், நினைவகச் சில்லுத் தொழிலில் ஜப்பானியப் போட்டியால் இன்டெல் திணறியபோது, தங்களை நீக்கிவிட்டுப் புதிய தலைவர் வந்தால் அவர் என்ன செய்வார் என்று அந்நிறுவனத்தை நடத்திய இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ் மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார். அந்தத் தொழிலைக் கைவிடுவார் என்று மூர் சொன்னதும், அதைத் தாங்களே செய்யத் துணிந்து கணினியின் மூளையாக இயங்கும் சில்லுகளான நுண்செயலிகளின் பக்கம் திரும்பினார்கள். உங்கள் நிறுவனத்தை இன்று வேறொருவர் வாங்கினால் முதலில் எதில் கை வைப்பார் என்று இதே போல யோசித்துப் பாருங்கள். அது இயந்திரமாக இருக்காது, ஒரே வாங்குநரைச் சார்ந்திருப்பதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

லைனுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை ஐரோப்பிய வாங்குநர்களுக்கான சாம்பிள்களுக்கும், அவர்கள் எதிர்பார்க்கும் ஓக்கோ-டெக்ஸ் (துணியில் தீங்கான ரசாயனம் உள்ளதா என்று சோதித்துத் தருவது) போன்ற சான்றிதழ்களுக்கும், வாங்குநர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் ஒருவருக்கும் செலவிடுங்கள். அந்த ஒரு வாங்குநரின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு லைனுக்கான கடனைப் பற்றி வங்கியில் பேசலாம்.